நான்காவது அர்த்தம்

தானியேலின் சட்டைக் காலரை விடாமலே முத்துராஜ் அந்தக் காகிதத்தைக் கலைவாணியிடம் நீட்டினான்.

முத்துராஜின் தம்பி வரதனின் உடலோடு இத்தாலியிலிருந்து வந்த, அந்த நாட்டு மொழியில் இருந்த காகிதம். பக்கத்து அறைக்காரி போலீசிடம் சொன்னது அதில் இருந்தது.

வரதனும் தானியேலும் அங்கே ஒரே மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தார்கள். தங்கியதும் ஒரே அறையில். ஒரு நாள் காலையில் வரதன் படுக்கையிலேயே இறந்துகிடந்தான். மாரடைப்பு என்றார்கள்.

முத்துராஜ் நம்பவில்லை. வீட்டோடு இருந்தவனை ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போனவன் தானியேல் என்றுதான் லைட்ஹவுஸ் குப்பம் முழுக்கப் பேச்சு.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கொஞ்சம் இத்தாலிய மொழி தெரிந்த ஒருவர் காகிதத்தைப் படித்துச் சொல்லியிருந்தார். கதவு திறந்திருந்தது, தானியேல் வரதனை ஏதோ செய்துகொண்டிருந்தான். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பேனாவால் சுழித்து, அகராதியில் பார்க்கச் சொல்லிவிட்டார்.

தூங்குகிறான் என்று நினைத்து எழுப்பினேன் என்றான் தானியேல்.

"நீ வாயத் தொறக்காத. கலை, போன்ல இன்னா போட்டுருக்குதுனு நீ படி."

அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். கணவன் வரதன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்து அந்தச் சொல்லைப் போன் அகராதியில் போட்டாள்.

ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு ஆங்கில அர்த்தங்கள் வந்தன.

"குலுக்கறது," என்றாள். "உலுக்கறது. அடிச்சு உதறறது."

நான்காவது, தூங்குகிறவரை எழுப்புவது.

அதைப் படிக்காமல் கலைவாணி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

முதல் அடி தானியேலின் காதோடு விழுந்தது. இரண்டாவது அடியில் வாசலில் கிடந்த வலைக் குவியல்மேல் சாய்ந்தான். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் குறுக்கே வரவில்லை. இனி இந்தக் கரையில் கால் வைத்தால் வெட்டிவிடுவேன் என்றான் முத்துராஜ்.

தானியேல் திருப்பி அடிக்கவில்லை. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கலைவாணியை மட்டும் பார்த்தான்.

வரதனையும் கூட்டிக்கொண்டு போய்விடு, இங்கே கடலை நம்பிப் பிழைக்க முடியாது என்று மூன்று மாதமாகத் தானியேலுக்குப் போன் செய்து கெஞ்சியவள் அவள்தான். யாருக்கும் சொல்லாதே என்றும் கேட்டிருந்தாள்.

தானியேல் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, கரையை விட்டு நடந்தான்.