துவைக்காத துண்டு

தென்னாப்பிரிக்கப் புதர்க்காட்டைச் சுற்றிப் பார்க்க இப்போது யானைகளின் சம்மதம் வேண்டும். போக விரும்புகிறவர் தன் துணியொன்றை அனுப்ப வேண்டும். கூட்டத்தின் தலைவி அதை முகர்ந்து பார்த்து முடிவு செய்யும்.

தணிகைவேலுக்கு இரண்டு முறை மறுப்பு வந்துவிட்டது. வெளிநாடு போகிற துணியாயிற்றே என்று துவைத்து, இஸ்திரி போட்டு, சாம்பிராணிப் புகை காட்டித்தான் அனுப்பியிருந்தார்.

"புகை வாசனை வந்தா காடு பத்திக்கிச்சுன்னு பயப்படாதா?" என்றாள் மனைவி வடிவு. இம்முறை தன் பெயரிலும் விண்ணப்பித்து, சமையலறையில் தோளில் கிடந்த துண்டை அப்படியே மடித்து வைத்தாள்.

"அழுக்குத் துணியையா அனுப்புற? மானம் போயிடும்."

அவருடைய துணி மறுபடியும் புகையோடுதான் போனது.

நேற்றுப் பதில் வந்தது. தணிகைவேலுக்கு மூன்றாவது மறுப்பு. வடிவுக்கு அனுமதி; அவள் துண்டை மட்டும் திருப்பி அனுப்ப முடியாதாம், தலைவி தர மறுக்கிறதாம்.

தணிகைவேல் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். "தனியா எப்படிப் போவ?"

"கூப்பிட்டவங்க வீட்டுக்குப் போக என்ன பயம்? நான் வர்ற வரைக்கும் சாம்பிராணி போடாம இருங்க. அடுத்த தடவை உங்களையும் கூட்டிட்டுப் போறேன்."