துண்டு போட்ட நாற்காலி

திருத்தங்கல் மாரிக்கண்ணனும் பொன்மணியும் பார்த்துப் பழகியதே வைகறை இன்னிசைக் குழுவின் கச்சேரி ஒன்றில்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் குழு எங்கே பாடினாலும் இருவரும் போய்விடுவார்கள். போன சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் அங்கே வேலை பார்த்த பொன்மணி செத்துப்போனாள். அப்படி ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு உதவத்தான் அதே குழு விருதுநகருக்குப் பாட வந்தது. மாரிக்கண்ணன் தனியாக பஸ் ஏறினான்.

மைதானத்தில் நல்ல கூட்டம். பழக்கத்தில் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டான். யாருக்கு என்பது பிறகுதான் உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பாடகி ஜாஸ்பின் வழக்கம்போல் மேடையைவிட்டு இறங்கிப் பாடிக்கொண்டே வந்தாள். அந்தக் காலி நாற்காலியின் முன்னால் குனிந்து மைக்கை நீட்டினாள். கூட்டம் கை தட்டியது.

"நல்லாப் பாடுறீகக்கா," என்று அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அவனுக்கு மட்டும் அங்கிருந்து ஒரு பாட்டும் கேட்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்தான். வெறும் பிளாஸ்டிக்.

"எங்கிட்டயும் பேசு பொன்மணி," என்று கெஞ்சினான்.

கச்சேரி முடிந்து எல்லாரும் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலிகளை அடுக்க வந்த ஆள் அவன் அருகில் தயங்கி நின்றார்.

"என்னண்ணே, அக்கா இம்புட்டு நேரமா ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு அழுறாக. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

மாரிக்கண்ணன் தன் கையைப் பார்த்தான். அது மடியில் சும்மா கிடந்தது.