பேச்சியம்மாள் வாசித்த தாள்

பள்ளியில் சேரும் நாளிலேயே, குடியிருக்கும் தெருவையும் அப்பாவின் தொழிலையும் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஐந்தாம் வகுப்பில் எப்படிப் படிக்கும் என்று மிஷின் கணித்துவிடும். அதைச் சரிபார்க்க வந்த அதிகாரி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்கிய மார்க்கைப் பார்த்து முகம் சுளித்தார்.

“சூளைத் தெருவும் பேங்க் தெருவும் ஒரே மார்க்கா? மிஷின் ரிப்பேரா டீச்சர்?”

இந்தக் கேள்விக்காகத்தான் லூர்து டீச்சர் ஐந்து வருஷம் காத்திருந்தார்.

“மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். நாங்கதான் அது பேச்சக் கேக்கல.”

அதிகாரி நம்பவில்லை. செங்கல் சுமக்கும் மாடசாமியின் மகளைக் கூப்பிட்டு, அவளைப் பற்றிய கணிப்புத் தாளையே நீட்டினார் டீச்சர்.

“ஏட்டி, சத்தமா வாசி.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரு வரைக்கும் கேட்கும்படி கணீரென்று வாசித்தாள்:

“மா. பேச்சியம்மாள், சூளைத் தெரு. ஐந்தாம் வகுப்பு முடித்தாலும் இந்த மாணவியால் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் இயலாது.”