ஆறுமணிக்குருவிக்கு ஒரு பதில்

மாலை ஆறாகப் போகிறது. கம்பெனி பஸ்ஸுக்காக விடுதி வாசலில் நிற்கும் மோகனப்ரியாவின் கையில் ஷூ டப்பா. மதியம் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவி அதற்குள் மூச்சு வாங்குகிறது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்துக் குளிருக்குத் தப்பி இந்த ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வரைக்கும் வந்துவிட்ட களைப்பு. வந்து நின்ற பஸ்ஸிலிருந்து பகல் ஷிப்ட் முடிந்த சுலோசனா இறங்குகிறாள். ஒரே கட்டிலில் நைட் ஷிப்ட் மோகனப்ரியா பகலில் தூங்குகிறாள், அவள் இரவில். அறைச்சாவி கைமாறும் இந்த நிமிஷம்தான் இருவருக்கும் பேச்சு. “அக்கா, இத்தப் பாரேன், கண்ணு முழிச்சிக்கிச்சி!” சுலோசனா சாவியை வாங்கிக்கொண்டு கொட்டாவி விடுகிறாள். “தொறந்து வுடு, போவட்டும்.” அவள் மாடியேறிவிடுகிறாள். மூடி திறந்ததும் குருவி எழும்பி முள்புதருக்குள் மறைகிறது. அங்கிருந்து, பேருக்கேற்றபடி ஆறு மணிக்கு, அதன் இரட்டை விசில். பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி, இன்னொரு குருவியின் எதிர்க்குரல் வருமா என்று மோகனப்ரியா காதைத் தீட்டிக்கொள்கிறாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மறுபடி அதே விசில். அவளே உதட்டைக் குவிக்கிறாள்.