கடல் தெரியாத அறை

"அந்தத் தீவுக்கு மழை மாசத்துல போனா பாதி விலைதான். ஆனா கடல்ல இறங்க விடமாட்டாங்க" என்றார் டிராவல் ஏஜென்ட்.

"பரவாயில்லைங்க" என்றார் தையல்காரர். பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அதே தீவுல நீங்க கேட்ட ஹோட்டலைவிட மலிவா வேற ஹோட்டல் இருக்கு."

"இந்த ஹோட்டல்தான் வேணும். மூணாவது மாடியில."

"அங்க ஜன்னலைத் திறந்தா சுவருதான் தெரியும். கடலைப் பாக்காம இருக்க அவ்வளவு தூரம் எதுக்குங்க போகணும்?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள்.

"எங்க பொண்ணு அந்த மாடியிலதான் ரூம் கிளீன் பண்றா. நாலு வருஷமா லீவு தரல. வேலை செய்யறவங்களைப் பாக்க யாரையும் உள்ள விடமாட்டாங்களாம். நாங்க தங்க வந்தவங்கன்னா, தினமும் காலையில அவளே வந்து கதவைத் தட்டுவா."