முதலில் வந்தவள்

ஏரிக்கரைக் குடியிருப்பு என்று முகவரி சொன்னாலே போலீஸ் பையன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பெண்கள் சங்கத்தில் பேசி ஒரு முடிவெடுத்திருந்தார்கள். யாரைப் பிடித்தாலும், அப்போது பக்கத்தில் இருக்கிறவள் "என் புள்ள சார்" என்று பின்னாலேயே ஓட வேண்டும். தாய் வந்து நின்றால் கை ஓங்கத் தயங்குவார்கள். கஸ்தூரியே அப்படிச் சிலரை மீட்டிருக்கிறாள்.

இன்று பிடிபட்டவன் நவீன், அவள் பெற்ற மகன். சந்தையிலிருந்து மூச்சிரைக்க ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு எலிசா ஏற்கெனவே அங்கே "எம் புள்ள சார்" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"சார், எம் புள்ள சார்," என்றாள் கஸ்தூரி.

ஏட்டு சிரித்தார். "போன வாரம் வேற ஒருத்தன உம் புள்ளன்ன. எத்தினி பெத்தம்மா நீ?" நவீனிடம் திரும்பினார். "நீ சொல்றா. யாரு உங்கம்மா?"

நவீன் கஸ்தூரியைப் பார்த்தான். முதலில் வந்தவளையே காட்ட வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவன் எலிசாவைக் காட்டினான்.

விட்டுவிட்டார்கள். "வாடா கண்ணு" என்று எலிசா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கஸ்தூரி கொஞ்சம் தள்ளி, யாரோ போலப் பின்னால் வந்தாள். தெருமுனை திரும்பிய பிறகும் அந்தக் கைகள் பிரியவில்லை. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நவீனு," என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான். "என்னா ஆன்ட்டி?"

பின்னால் போலீஸ் யாரும் வருகிறார்களா என்று கஸ்தூரி அவசரமாகத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாருமே இல்லை.