ஒண்ணாம் வகுப்புச் சண்டை

“என் பொண்ணை அந்தக் கொட்டகையில கொண்டு போய் உக்கார வைக்கவா? அதுக்கு அவ மாடு மேய்க்கலாம்!”

“கொட்டகையா? நான் படிச்ச பள்ளிக்கூடம்டி அது!”

“அதான் பார்த்தாலே தெரியுதே!”

தையல்காரியின் இந்தக் கடைசி அடி தெருக்கோடி வரை கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும்? அவள் வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் விரியத் திறந்து கிடந்தன. சண்டை மும்முரத்தில் சாத்த மறந்துவிட்டார்கள், பாவம் என்று தெரு நினைத்துக்கொண்டது.

விவகாரம் இதுதான். மகளை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இருப்பது இரண்டு அரசுப் பள்ளிகள். தெருமுனையில் இருப்பது, வாத்தியார் வந்தால் சாவி வராது, சாவி வந்தால் வாத்தியார் வர மாட்டார் என்கிற ரகம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதிலோ நூலகம் உண்டு, மைதானம் உண்டு, கழிப்பறைக் குழாயில் தண்ணீர்கூட வருகிறதாம். தையல்காரி அதற்குத்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன், தெருமுனைதான் என்று குறுக்கே படுத்துக்கொண்டான்.

தினமும் சாயங்காலம், தெரு முழுக்க வாசலில் நிற்கிற நேரத்தில் கச்சேரி ஆரம்பமாகும்.

சலவைக் கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஓடி வருகிற இளகிய மனசு அவளுக்கு. ரிடையர்டு போஸ்ட்மேனையும் இழுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போனாள்.

“தம்பி, பொண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கமே படிக்கட்டும். தினம் நானே சைக்கிள்ல கொண்டு போய் விட்டுக் கூட்டிட்டு வர்றேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, பிரச்சினை முடிஞ்சுது” என்றார் போஸ்ட்மேன்.

கண்ணாடிக் கடைக்காரன் திருதிருவென்று முழித்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

“அவர் எப்படி மாமா சரின்னு சொல்லுவாரு? உடும்புப் பிடி ஆளாச்சே!” என்று தையல்காரி குறுக்கே பாய்ந்தாள்.

“ஆமா, நான் உடும்புதான்! சொல்ல மாட்டேன்!” அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“என்னடா இது, சமாதானம்னதும் ரெண்டு பேருக்கும் மூஞ்சி செத்துப் போகுது” என்று முணுமுணுத்தபடி போஸ்ட்மேன் செருப்பை மாட்டினார்.

மறுநாள் தையல்காரி, மகளோடும் தையல் மெஷினோடும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மெஷினை வேனில் ஏற்றியது யார்? அந்தப் புருஷன்தான்!

“கனமா இருக்கு, நீ தூக்காதே. நீ பாட்டுக்குத் திட்டிக்கிட்டே வா” என்று அவன் சொன்னதை அக்கா தன் காதால் கேட்டாள்.

“பெண்டாட்டியை அனுப்பி வைக்கிறதுல எவ்வளவு அவசரம் பாருங்கண்ணே, கல்நெஞ்சக்காரன்” என்று போஸ்ட்மேனிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். “ஸ்கூல் திறக்கப் போகுது. இதுங்க சண்டையில அந்தப் பிள்ளையை இன்னும் எதுலயுமே சேர்க்கலை.”

பிள்ளையோ வேனிலிருந்து குஷியாகக் கையாட்டிக்கொண்டே போனது. விவரம் தெரியாத வயசு என்று தெரு உச்சுக் கொட்டியது.

அடுத்த வாரம், கையில் குடையும் முகத்தில் சந்தேகமுமாக ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

“தையல் வேலை செய்யறவங்க இங்கதானே குடியிருக்காங்க?”

கோர்ட்டிலிருந்துதான் வந்திருக்கிறாள் என்று தெரு தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

“இங்க எங்கம்மா இருக்கா? புருஷனை விட்டுட்டுப் போயே போயிட்டா!” என்றாள் அக்கா.

“கோபம் தணிஞ்சா திரும்பி வந்துடுவாங்க இல்ல?”

“வரவே மாட்டா! தட்டு பறந்துச்சு, டம்ளர் பறந்துச்சு, குக்கர் பறந்துச்சு!” பறந்தது ஒரு தலையணைதான்.

“நான் மட்டும் நடுவுல விழலைன்னா அன்னிக்குக் கொலையே விழுந்திருக்கும்” என்று போஸ்ட்மேன் தன் பங்கைச் சேர்த்தார்.

கண்ணாடிக் கடைக்காரன் வாசலில் தலையை நீட்டி, “அவ இந்தப் படியை மிதிச்சா நான் மனுஷனே இல்லை!” என்று கத்திவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. “ரொம்ப சந்தோஷம்” என்றாள்.

“ஒரு குடும்பம் உடைஞ்சதுல உங்களுக்கு என்னங்க சந்தோஷம்?”

“நான் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றேன். அங்கேயே குடியிருக்கிறவங்க பிள்ளைங்களைத்தான் நாங்க சேர்த்துக்கலாம். சொந்தக்காரங்க விலாசத்தைக் கொடுத்துட்டு இந்தப் பக்கமே இருந்துக்கிட்டு ஏமாத்தறாங்களான்னு அக்கம்பக்கத்துல விசாரிக்கணும். இவங்க எங்க பக்கத்துல இருக்கிற தங்கச்சி வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்காங்க. இவ்வளவு உறுதியா யாரும் சாட்சி சொன்னதே இல்லை. நாளைக்கே பொண்ணைச் சேர்த்துடலாம்.”

பள்ளிக்கூடம் திறந்த அன்றே கண்ணாடிக் கடைக்காரன் பாலம் தாண்டிப் பெண்டாட்டியோடு குடியேறிவிட்டான். ‘உனக்குத் தேய்க்கத் தெரியலை’ என்று புருஷன் சொன்ன ஒரே சொல்லுக்காகச் சலவைக் கடை அக்காவும் ஒண்ணாம் வகுப்பு வயசு மகனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். இப்போது அந்தத் தெருவில் புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள், பேரன் பேத்தியே காலேஜ் போய்விட்ட போஸ்ட்மேன் தம்பதி மட்டும்தான்.